பலகையின் மேல்முனையில் பால்

ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்று பதினொரு கன்றுகள் பிறந்தன. ஐந்து இருப்பவை, ஆறு போகிறவை.

கன்றுக் கொட்டகைச் சுவரில் பண்ணைக்காரன் ராஸ் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, நடுவில் கோடு போட்டிருக்கிறான். இடப்பக்கம் 'இருப்பவை': மந்தைக்கு வேண்டிய பெண் கன்றுகள். வலப்பக்கம் 'போகிறவை': காளைக் கன்றுகளும் மிஞ்சிய பெண் கன்றுகளும். பிறந்து நான்கு நாள் முழுதாக முடிந்ததும் அவற்றுக்கு லாரி. பசு பால் கொடுக்க வேண்டுமென்றால் வருடம் ஒரு கன்று ஈன வேண்டும். ஐந்நூற்று இருபது பசுக்கள். கணக்கு அவ்வளவுதான்.

முப்பத்து நான்கு வருடம் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு அக்டோபரிலும் கன்றுத் திருநாள். பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கன்றைச் சீவிக் குளிப்பாட்டி, கழுத்தில் கயிறு போட்டு மைதானத்தைச் சுற்றி நடத்தி வருவார்கள். நான் பரிசு கொடுப்பேன். அத்தனை வருடத்தில் கோட்டுக்கு வலப்பக்கத்தைப் பற்றி ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ராஸ் என்னிடம் படித்தவன். வாசிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது அவனுக்கு. வழக்கமாகக் கன்று பார்க்கும் பெண்ணுக்குத் தோளில் அறுவை சிகிச்சை என்று போன மாதம் கூப்பிட்டான். "டீச்சர், கன்னுக்குட்டிக்குப் பொறுமைதான் வேணும். உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும்ல." ஓய்வு பெற்று எட்டு மாதம். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சரி என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். மழையோடு பனி. முழங்கால் வலி. இன்று பிறந்தவை பதினான்கு.

ஆகஸ்ட் 7, திங்கள்

முதல் லாரி. இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஆறு மணிக்கு டான்டே ஒன்பது கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி டிரெய்லரில் போட்டுக்கொண்டு சாலைக்குப் போனான். (டான்டே பிலிப்பைன்ஸ்காரன். ஆறு வருடமாக இங்கே பால் கறக்கிறான். என்னை 'மேடம்' என்கிறான், சொன்னால் கேட்பதில்லை.) பண்ணை வாசலில், சாலையோரம், ஒரு பலகைப் பட்டி இருக்கிறது. லாரி வரும்வரை அதில் நிற்க வேண்டும். ஓடைப்பாலம் லாரியைத் தாங்காது. அதனால் லாரி உள்ளே வராது.

பட்டிக்குக் கூரை உண்டு, தகரம். யாராவது ஆய்வுக்கு வந்தால் காட்டலாம். ஆனால் இங்கே மழை மேலிருந்து வருவதில்லை, தெற்கிலிருந்து பக்கவாட்டில் வருகிறது. தெற்குப் பக்கம் பலகைக்குப் பலகை என் கை போகும் இடைவெளி.

பத்து மணிக்குத் தபால் எடுக்கப் போனேன். ஒன்பதும் தெற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மூலையில் ஒட்டி நின்றன. ஒன்று படுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பலகை இடுக்கில் மூக்கை நீட்டியது. பால் நேரம் என்று நினைத்திருக்கும்.

லாரி வந்தது இரண்டு இருபதுக்கு.

ராஸிடம் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓட்டுநருக்குப் பத்துப் பண்ணை, எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது, வாசலில் கன்று இல்லையென்றால் நிற்காமல் போய்விடுவான், திரும்ப இரண்டு நாள் ஆகும், அதற்குள் கொட்டகை நிரம்பிவிடும் என்று விளக்கினான். எல்லாம் உண்மை. கடைசியில் தோளைக் குலுக்கினான். 'போகிறதுதானே' என்று அவன் சொல்லவில்லை. என் காதில் விழுந்தது.

எட்டு மணி நேரம் இருபது நிமிடம். நான்கு நாள் ஆயுளில் அது எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

லாரி ஓட்டுநரை வாசலிலேயே காத்திருந்து பிடித்தேன். பெயர் ரெவி. பெரிய ஆள். மாவோரி, இந்த மண்ணின் ஆதிக்குடி. பேத்தி பின்னிக் கொடுத்த தொப்பி. கன்றுகளின் தொப்புள் காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கிறார். ஈரமாக இருந்தால் ஏற்றமாட்டார்.

முந்தைய பண்ணையை விட்டுக் கிளம்பும்போது எனக்கு ஒரு போன் செய்ய முடியுமா என்று கேட்டேன். தாடையைச் சொறிந்தார்.

"செய்யலாம் டீச்சரம்மா. இருபது நிமிஷம் கிடைக்கும் உங்களுக்கு. நான் வரும்போது கன்னுங்க வாசல்ல நிக்கணும். நின்னா ஏத்துவேன், நிக்கலைன்னா டாட்டாதான்."

ராஸ் ஒரு வாரம் பார்க்கலாம் என்றான். ஒரு நிபந்தனை: கறவை நடக்கும்போது டான்டேவைக் கூப்பிடக் கூடாது. சரி என்றேன். அறுபத்தேழு வயது, தனியாக, இருபது நிமிடம், கன்றுக்கு நாற்பது கிலோ. என்ன தைரியத்தில் சரி என்றேன்?

ஆகஸ்ட் 11, வெள்ளி

முடியவில்லை.

ஏழு கன்றுகள். நான்கைத் தூக்கினேன். ஐந்தாவது உதைத்தது, நழுவி விழுந்தது, நானும் விழுந்தேன். டான்டே கறவையை விட்டுவிட்டு ஓடி வந்து மிச்சத்தைக் காலைப் பிடித்து ஏற்றினான். அவனிடம் அப்போது மென்மைக்கு நேரமில்லை. அவன் கிளம்பி வந்ததால் கறவையில் ஒரு வரிசைப் பசுக்கள் கருவியோடு நின்றுவிட்டன. ராஸ் அவனைத்தான் திட்டினான், என்னை இல்லை. டீச்சரைத் திட்டமுடியாதே.

பட்டியில் எட்டு மணி நேரம் நின்றிருந்தாலாவது யாரும் தூக்கி எறிந்திருக்கமாட்டார்கள். என்ன பிரயோஜனம் பண்ணேன் நான்? ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் 12, சனி

இடுப்பில் சுடுநீர்ப் பையோடு உட்கார்ந்து யோசித்தேன்.

ஐலீன் என்று ஒரு பெண் இருந்தாள், நான் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம். நீச்சல் குளத்தைப் பார்த்தாலே அலறுவாள். இழுத்துக்கொண்டு போனால் கடிப்பாள். நான் அவளைத் தண்ணீருக்குக் கூப்பிடுவதை விட்டேன். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் குளத்திலிருந்து பத்தடி தள்ளி வைத்தேன். மறுநாள் ஏழடி. ஒரு வாரத்தில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ரொட்டி தின்றாள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு. பயிற்சிக் கல்லூரியில் முதல் நாள் பாடமே அது.

கன்றுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பால்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பழைய கதவு ஒன்றை டான்டே செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்துத் தந்தான். மேலே சாக்கு அடித்தோம், வழுக்காமல் இருக்க. ஏறுபலகை. ரப்பர்க் காம்பு வைத்த பால் தொட்டியை முதல் நாள் பலகையின் அடியில் வைப்பது. இரண்டாம் நாள் பாதியில். மூன்றாம் நாள் மேல்முனையில். நான்காம் நாள் டிரெய்லரைப் பலகையோடு சேர்த்து நிறுத்தி, தொட்டியை டிரெய்லருக்குள். ஐந்தாம் நாள் காலை அது தானாக ஏறினால் ஏறுகிறது.

ஏறத் தயங்கியவற்றுக்கு விரலைக் கொடுத்தேன். சூப்பிக்கொண்டே வந்தன.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஓடின!

பத்துக் கன்றுகள். ரெவியின் போன் வந்ததும் டிரெய்லரைப் பலகையில் சேர்த்தேன், கதவைத் திறந்தேன். ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறின. ஒன்றைக்கூடத் தொடவில்லை. வயிறாரக் குடித்தன. வாசலில் லாரியின் ஏறுபலகை இறங்கியதும் அதிலும் அப்படியே ஏறின, மேலே பால் இருக்கும் என்று. எல்லாம் பன்னிரண்டு நிமிடம்.

டான்டே கறவைக் கொட்டகைக் கதவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், ஸ்கூல் பஸ்ஸு மாதிரியே ஏறுதுங்க" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

இன்று கொட்டும் மழை. கன்றுகள் உலர்ந்த மரச்சீவலில் படுத்திருந்தன, போன் வரும்வரை. வாசல் பட்டி காலி. எட்டு மணி நேரம் என்பது இருபது நிமிடமாகிவிட்டது.

ராஸுக்குப் பெருமை. பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். சீஸ் ரோல் ஒரு தட்டு கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனான். சாப்பிட உட்கார்ந்தேன். போகிறவற்றில் ஒன்று வேலி வழியாக என் கோட்டின் நுனியைச் சூப்பிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 26, சனி

டனீடின் நகரத்திலிருந்து ஷீனா அக்கா போன். ஒன்பது வருடமாக இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை அவளுக்கு. நான் செய்வதைச் சந்தோஷமாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "ஏண்டி, அதுங்களுக்கு நீ என்ன சொல்லிக் கொடுக்கறன்னு உனக்குத் தெரியுதா?" என்றாள்.

நான் அங்கே இல்லாவிட்டாலும் லாரி வரும், இழுத்துத்தான் ஏற்றுவார்கள் என்றேன். அது அவளுக்கும் தெரியும். நான் டீக்குப் பால் விடுவதை நிறுத்தினால் அந்தப் பத்தும் பிழைக்குமா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு இரண்டு பேரும் அவளுடைய மூட்டு வலியைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 31, வியாழன்

ரெவி ஏற்றி முடித்த பிறகும் கிளம்பவில்லை. லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு தாழ்ப்பாளாக இழுத்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்ததையே மறுபடி பார்த்தார். என்னவோ சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்தது. முப்பத்து நான்கு வருடம், வகுப்புக் கதவருகே இப்படி நிற்பவர்களைப் பார்த்தவள்.

ஆலையில் (அறுக்கிற இடத்தை இங்கே எல்லாரும் ஆலை என்றுதான் சொல்வோம்) என் கன்றுகளை அடையாளம் தெரிகிறதாம். மற்றப் பண்ணைக் கன்றுகள் இறக்கும்போது ஒதுங்கும், பின்வாங்கும். என்னுடையவை இறங்கியதும் ஆட்களை நோக்கி நடக்கின்றன. 'டீச்சர் கன்னா?' என்று அங்கே கேட்கிறார்களாம்.

"அங்க ஒருத்தன் இருக்கான். பன்னெண்டு வருஷமா அந்த வேலைதான். நல்ல மனுஷன், என் சொந்தக்காரன் வேற. உங்க கன்னுங்க அவன் விரலைத் தேடுது டீச்சரம்மா. ஏப்ரனைச் சூப்புது. நேத்து வேற இடம் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான்."

காலி டிரெய்லரின் கதவைச் சாத்தினேன்.

"உங்களைக் குத்தம் சொல்லலை. ஏத்தறது எனக்கு ரொம்ப சுளுவாத்தான் இருக்கு. தெரிஞ்சுக்கணும்னு சொன்னேன்" என்றார். ஏறி உட்கார்ந்து கிளம்பினார்.

இறக்கிய பிறகு என்ன நடக்கிறது என்று அப்போதே கேட்டேனா? இல்லை, பிறகு ரெவிக்குப் போன் செய்து கேட்டேன். மாலை ஏழு மணிக்கு அங்கே இறக்குகிறார்கள். வேலை மறுநாள் காலையில்தான். இடையில் ஒரு இரவு, சிமெண்டுத் தரையில், பால் இல்லாமல். என்னுடையவை இரவு முழுக்கக் கதவருகே நின்று கத்துகின்றனவாம். மற்றவை கத்திக் களைத்துப் படுத்துவிடும். எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டவை படுப்பதில்லை.

அக்கா கேட்டதற்கு இதுதான் பதில்.

செப்டம்பர் 1, வெள்ளி

பால் தொட்டியைச் சுவரோரம் மாற்றிவிட்டேன், பலகையிலிருந்து தள்ளி. விரல் கொடுப்பதில்லை. பேசுவதில்லை. பாலை ஊற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். ஒன்று பின்னாலேயே வந்தது. கையால் தள்ளினேன்.

நம்பக் கூடாது என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அதற்குப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் இல்லை.

செப்டம்பர் 4, திங்கள்

பழையபடி கன்றுகள் என்னைக் கண்டால் ஒதுங்குகின்றன. நல்லது.

நல்லதா?

செப்டம்பர் 6, புதன்

இன்று ஏற்ற வேண்டிய எட்டும் புதியவை. பலகை பழகாதவை. டான்டே வந்து டிரெய்லரில் தூக்கிப் போட்டான், நான் கதவைப் பிடித்தேன். லாரியின் ஏறுபலகையில் நான்காவது கன்று பாதியில் நின்றது. பின்னால் வந்தவை முட்டின. அது பக்கவாட்டில் குதித்தது. பலகைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கையளவு இடைவெளி. முன்னங்கால் அதில் போய்விட்டது.

சத்தம் கேட்டது. கன்றின் சத்தம் இல்லை, காலின் சத்தம்.

உடைந்த காலோடு ஏற்றக்கூடாது. ராஸ் வீட்டிலிருந்து துப்பாக்கியோடு வரப் பதினைந்து நிமிடம் ஆனது. அதுவரை ரெவியும் நானும் சேற்றில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தோம். எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் விரலைக் கொடுத்தேன். சூப்பவில்லை. அதற்கு அது என்னவென்றே தெரியவில்லை. நான்தானே பழக்காமல் விட்டேன். என் விரல் வாயில் இருக்க, கண்ணைச் சுழற்றிச் சுழற்றி என்னையே மிரண்டு பார்த்தது. நான்தான்னு தெரியல அதுக்கு. நாலு நாள் பால் ஊத்தினவ நான்.

ராஸ் வந்தான். என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னான். திரும்பவில்லை.

பிறகு அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாச்சு டீச்சர்? நல்லா ஏறிட்டிருந்ததே" என்றான். திட்டும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இரண்டாம் வகுப்பில் ஒரு சொல்லை ஏன் எழுதியபடி உச்சரிப்பதில்லை என்று கேட்பானே, அந்த முகம்.

சொல்லவில்லை. தொட்டியை நகர்த்தியது நான்தான் என்று.

செப்டம்பர் 7, வியாழன்

எழுத முடியவில்லை.

செப்டம்பர் 9, சனி

தொட்டியைப் பலகை அடிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேனே, அப்படி. நம்பினால்: நான்கு நாளும் நல்ல நாள், ஏற்றம் சுலபம், பயணம் சுலபம், இரவு மோசம். நம்பாவிட்டால்: நான்கு நாளும் பயம், ஏற்றம் பயம், இரவும் பயம், ஆனால் ஏமாற்றம் இல்லை. முடிவு இரண்டிலும் ஒன்றே. அதில் எனக்குப் பேச்சே இல்லை.

கூட்டிப் பார்த்தால் முதலாவதுதான் மேல். எத்தனை தடவை கூட்டினாலும் அதுவேதான் வருகிறது. வரட்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

பால் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள், பிலிப்பா. சுத்தமான பூட்ஸ், ஆனால் கன்றின் தொப்புளைச் சரியாகப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவள். ராஸ் சொல்லித்தான் வந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் மண்டியிட்டுப் பார்த்தாள். இந்த வட்டாரப் பண்ணைக்காரர்களுக்கெல்லாம் நான் இதைச் செய்து காட்ட வேண்டுமாம், சமுதாயக் கூடத்தில், அடுத்த புதன்.

"நாப்பது பண்ணை டீச்சர். யோசிச்சுப் பாருங்க, எத்தனை கன்னு தூக்கி எறியப்படாம போகும்."

யோசித்துத்தான் பார்த்தேன். கதவருகே எத்தனை கன்று கத்தும் என்பதையும் சேர்த்து. அவளிடம் அதைச் சொன்னபோது முகம் மாறியது. ஆலை அவர்கள் கையில் இல்லையாம், கடிதம் எழுதினால் சேர்ப்பிப்பதாகச் சொன்னாள்.

ஒத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 20, புதன்

சமுதாயக் கூடம். வழக்கம்போல வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரம். நாற்பது பேருக்கு மேல். பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். ஆளாளுக்கு வழுக்கை, தொப்பை, ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள் அன்றும் பின்வரிசைதான். நான் முன்னால் போய் நின்றதும் கூடம் அமைதியாகிவிட்டது. டன்கன் மட்டும் பின்னாலிருந்து, "டீச்சர், வீட்டுப்பாடம் செய்யலை, நாய் தின்னுடுச்சு" என்றான். அவன் மகனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது.

ராஸ் ஐந்து கன்றுகளும் பலகையும் கொண்டுவந்திருந்தான். செய்து காட்டினேன். கூடத்தின் நடுவே, அத்தனை ஆட்களின் நடுவே, ஐந்தும் ஏறின. யாரோ கைதட்டினார்கள். கைதட்டலுக்கு ஒன்று மிரண்டு என் கால்களுக்கு நடுவே வந்து நின்றது.

கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். பலகையின் சாய்வு எவ்வளவு, சாக்கா ரப்பரா, காம்பு எந்த உயரம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: ஏற்றிய பிறகு அந்த இரவு எப்படிக் கழிகிறது என்று யாருக்காவது தெரியுமா?

ஒருவரும் கை தூக்கவில்லை. தெரியாமல் இல்லை. எனக்கு அந்தத் தலைகுனிவு நன்றாகத் தெரியும். பதில் தெரிந்தும் எழுந்திருக்க விரும்பாத வகுப்பு அது. யாரோ டீ ஆறுகிறது என்றார்கள்.

போகும்போது ராஸ் தனியாக வந்தான். "அதை அங்க கேட்டிருக்க வேணாம் டீச்சர். நாங்க நாளைக்கும் லாரியில ஏத்தணும்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை. நானும்தான் ஏற்றணும்.

செப்டம்பர் 23, சனி

ஆலை மேலாளருக்குக் கடிதம். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கோபமாக எழுதினால் படிக்கமாட்டார்கள், அழுது எழுதினால் சிரிப்பார்கள். கடைசியில் இரண்டே வேண்டுகோள்: இரவுப் பட்டியில் சிமெண்டின் மேல் கொஞ்சம் மரச்சீவல். இரவு ஒரு வேளை வெதுவெதுப்பான பால், அல்லது பால் கலந்த நீராவது. தொட்டியும் காம்பும் நானே வாங்கித் தருகிறேன், வேண்டுமானால் முதல் வாரம் வந்து ஊற்றியும் காட்டுகிறேன் என்று எழுதினேன். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று வெகுநேரம் பார்த்தேன். எடுக்கவில்லை. என்னால் அங்கே நிற்க முடியுமா என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 27, புதன்

ஒன்பது. சுலபமாக ஏறின. ரெவி இன்று அதிகம் பேசவில்லை. கன்றுகளுக்குத் தொப்புள் பார்க்கக் குனியும்போது ஒன்று அவருடைய தொப்பியின் குஞ்சத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. வாயிலிருந்து மெதுவாக உருவி, ஈரத்தைப் பிழிந்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 30, சனி

ஆலையிலிருந்து பதில் இல்லை. வயலில் இன்னும் முப்பது பசுக்கள் ஈன வேண்டும். பிலிப்பா போன் செய்தாள்: பதினேழு பண்ணைகள் பலகை வைத்துவிட்டார்களாம். நல்ல செய்தி என்றேன். அவள் போனை வைத்த பிறகும் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன்.

அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், கால் உடைந்தது முதல். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீ சாப்பிட்டியாடி?" என்றாள்.

அக்டோபர் 4, புதன்

ஆலையிலிருந்து பதில். கனமான தாள், மரியாதையான எழுத்து. என் அக்கறைக்கு நன்றி. மறுநாள் அறுக்கவிருக்கும் கன்றுகளுக்கு உள்ளே பால் தருவது சுகாதாரக் காரணங்களால் இயலாது. தரையை ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டியிருப்பதால் மரச்சீவலும் இயலாது. ஆனால் கன்றுகள் இரவில் காத்திருப்பதைப் பற்றிய என் கருத்தைக் கவனமாகப் பரிசீலித்தார்களாம். நம் வட்டாரக் கன்றுகளை இனி காலையிலேயே ஏற்றி, அன்றே, பிற்பகல் வேலையிலேயே முடித்துவிடுவார்கள். வரும் திங்கள் முதல். ஏற்றும்போது அவை தாமே ஏறிவிடுவதால் லாரிக்கு நேரம் மிச்சமாகிறது, அதனால்தான் இது சாத்தியமாகிறது என்றும் எழுதியிருந்தது. அதற்கும் நன்றி.

அவற்றின் இரவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். இரவையே எடுத்துவிட்டார்கள்.

கொட்டகையில் நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். ஒரு பிழை கிடைக்குமா என்று தேடினேன். இல்லை. குளிரில் நிற்க வேண்டாம், பசியோடு கத்த வேண்டாம், காலையில் குடித்த பால் வயிற்றில் இருக்கும்போதே முடிந்துவிடும். நான் கேட்டதைவிட இது மேல். எப்படிக் கூட்டினாலும் மேல்.

ராஸ் வந்து தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான், உதட்டை அசைத்து அசைத்து, இன்றைக்கும் அப்படித்தான் படிக்கிறான். முடித்துவிட்டு, "சந்தோஷமா டீச்சர்?" என்றான்.

ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை.

லாரி காலையில் வருமென்றால் ஆறரைக்குள் அவை குடித்து முடித்திருக்க வேண்டும். ஐந்தரைக்கே பால்பொடி கரைக்கணும். அலாரத்தை மாற்றி வைத்துவிட்டேன்.